வரம் பெற்ற அரக்கனும் வாளெடுத்த தம்பியும்



விளையாட்டைப் பற்றி மன்ற மலரில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களோடு காலம் தள்ளுகிற எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு விளையாட்டு மேசையில் நான் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையால் நம்மில் ஒருவர் மனம் நொந்து எழுந்து போனார். அதை மறைக்காமல் சொல்லி, அதிலிருந்து நான் அடைந்த முடிவை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடி ஆடுவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு. கன்னட நண்பர் ஒருவர், மலையாள நண்பர் ஒருவர், தெலுங்கு நண்பர் ஒருவர், மற்றவர் தமிழர். பலகை இல்லை, காய்கள் கட்டாயம் இல்லை. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு, “நான் இன்னது செய்கிறேன்” என்று வாயால் சொல்லிக் கதைக்குள்ளே நடக்கிறார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நம் ஊர்த் திண்ணையில் பாட்டி சொன்ன கதைக்குள் நாமே புகுந்து, “இல்லை பாட்டி, அந்த ராஜகுமாரன் கிணற்றுக்குள் குதிக்கவில்லை, கயிறு கட்டி இறங்கினான்” என்று மாற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த ஆட்டம். இதை 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர்.

சென்ற ஆண்டு தர்மபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதலாண்டு சேர்ந்த தம்பி ஒருவரை நான்தான் இந்த மேசைக்கு அழைத்து வந்தேன். வகுப்பில் ஆங்கிலம், கடையில் கன்னடம், விடுதியில் இந்தி என்று நாற்புறமும் வாயடைத்துப் போயிருந்த பிள்ளை. வந்து இரண்டு மாதம் ஆகியும் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டத்திலாவது பேசுவார் என்று நினைத்தேன். அவர் போர்வீரன் வேடத்தைத் தேர்ந்தார். கையில் ஒரே ஒரு நீள்வாள்.

அன்றிரவு கதையை நடத்தியவன் நான். காட்டு வழியில் ஓநாய்மனிதன் ஒருவனை எதிரே நிறுத்தினேன். எங்களிடம் இருந்தது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன்படி அந்த ஓநாய்மனிதனுக்கு உயிர்ப்புள்ளி 58. வெள்ளி பூசாத, மந்திரம் ஏறாத ஆயுதத்தால் வெட்டினாலும் குத்தினாலும் அடித்தாலும் அவனுக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆட்டக்காரர் மொழியில் இதற்கு ‘இம்யூனிட்டி’ என்று பெயர். நான் அதை வரம் என்பேன்.

தம்பி வெட்டினார். “காயம் இல்லை” என்றேன். மறுபடி வெட்டினார். “காயம் இல்லை” என்றேன். மூன்றாம் முறை பகடை உருண்டது. இருபது விழுந்தது! இருபது என்றால் சேதப் பகடைகள் இரட்டிப்பு. மேசையே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. தம்பியின் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “காயம் இல்லை.”

மந்திரவாதி வேடம் பூண்டிருந்த மலையாள நண்பர் நெருப்பை ஏவி ஏவி ஓநாய்மனிதனைக் கொன்றார். ஒரு மணி நேரம் தம்பி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

விதிப்படிதான் ஆடினேன். அதில் ஐயமில்லை. ஆயினும் நான் செய்தது சரியா?

இந்த வரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளியால் மட்டுமே ஓநாய்மனிதன் சாவான் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ 1941இல் வந்த ‘தி உல்ஃப் மேன்’ என்ற ஹாலிவுட் படம் பெரிதும் காரணம். அதில் வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியால் அவன் அடித்துக் கொல்லப்படுகிறான். இந்த விளையாட்டின் அரக்கர்களைத் தொகுத்து 1977இல் வெளிவந்த புத்தகம் ஓநாய்மனிதனுக்கு அந்த வரத்தை அப்படியே கொடுத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு வரங்களைப் பொருள்வாரியாகப் பிரித்தது: இவனுக்கு வெள்ளி, அவனுக்குக் குளிர் இரும்பு, இன்னொருவனுக்கு வேறோர் உலோகம். விளைவு என்ன? வீரர்கள் தோள்நிறைய ஆயுதம் சுமந்து, ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒன்றை உருவ வேண்டியதாயிற்று. 2014ஆம் ஆண்டுப் பதிப்போ பெரும்பாலும் ‘மந்திர ஆயுதம்’ என்ற ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் வைத்தது. மந்திர வாள் கிடைத்தவனுக்கு வரம் ஒரு பொருட்டல்ல. கிடைக்காதவனுக்கு அது கருங்கல் சுவர். கடைசியாக, 2025இல் வந்த புதிய அரக்கர் புத்தகம் ‘சாதாரண ஆயுதம் தாக்காது’ என்ற விதியையே எடுத்துவிட்டது. நெருப்புக்கு அஞ்சாதவன், நஞ்சுக்கு அஞ்சாதவன் எல்லாம் இன்னும் உண்டு. ஆனால் புதிய ஓநாய்மனிதனை எந்த வாளாலும் வெட்டலாம்.

அப்படியானால் புதிய புத்தகத்தை வாங்கினால் தொல்லை தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பக்கமும் நியாயம் உண்டு; எந்தத் தம்பியும் இனி ஒரு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார வேண்டாம். ஆயினும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரத்தை எடுத்துவிட்டால் ஓநாய்மனிதன் வெறும் ஓநாய் ஆகிவிடுகிறான். புள்ளிகள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. எதிரே எது வந்தாலும் வாளை வீசு, பகடையை உருட்டு, புள்ளியைக் கழி என்றால் அங்கே அறிவுக்கு என்ன வேலை? வரம் இருக்க வேண்டும். ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கப் புத்தகத்தைவிட நம் பழைய கதைகள் நன்றாக அறிந்திருக்கின்றன.

நாம் வாழும் இந்தக் கருநாடக மண்ணையே பாருங்கள். மைசூருக்குப் பெயர் தந்தவன் மகிடாசுரன். சாமுண்டி மலைமேல் ஒரு கையில் வாளும் ஒரு கையில் பாம்புமாக அவன் சிலை நிற்கிறது. நம்மில் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்த ஆண்மகனாலும் தனக்குச் சாவு கூடாது என்று அவன் வரம் கேட்டானாம். பெண்ணைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெண்ணால் என்ன ஆகிவிடும் என்ற இகழ்ச்சி! அந்த இகழ்ச்சியின் வழியாகத்தான் சாவு வந்தது. மாமல்லபுரத்துக் குகையில் சிங்கத்தின்மேல் ஏறி வருகிறாளே கொற்றவை, அவள் வருவது அவன் அடைக்க மறந்த வாசல் வழியாக.

இராவணன் தேவர், அசுரர், நாகர் என்று பட்டியல் போட்டுக் கேட்டான், மனிதனை விட்டுவிட்டான். இரணியனோ எல்லாரினும் கெட்டிக்காரன். மனிதனாலும் விலங்காலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது என்று ஓட்டையெல்லாம் அடைத்தான். ஆனால் இரண்டு ‘கூடாது’களுக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. அந்திப் பொழுதில், வாசற்படியில், மடிமேல், நகத்தால், மனிதனும் விலங்கும் அல்லாத ஒன்று அந்தக் கோட்டின்மேல் வந்து நின்றது.

இந்தக் கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் கருத்து. கதை கட்டியவர்களின் திறத்தைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். மூன்று செய்திகள் கண்கூடு. ஒன்று, ஓட்டை இல்லாத வரமே கிடையாது. இரண்டு, அந்த ஓட்டை கண்டபடி விழுந்ததன்று. வரம் கேட்டவனின் செருக்கு எங்கே கண்ணை மூடிக்கொண்டதோ அங்கே விழுந்தது. ஆகவே வரத்தைப் படித்தால் அரக்கனின் குணத்தைப் படிக்கலாம். மூன்று, கேட்பவர்களுக்கு வரம் முன்கூட்டியே தெரியும். அரக்கன் வருவதற்கு முன்பே, “இவனுக்கு இன்ன வரம்” என்று கதை சொல்லிவிடுகிறது. ஒளித்து வைத்து, கடைசியில் “காயம் இல்லை” என்று சொல்லி ஏமாற்றுவதில்லை.

நான் என்ன செய்தேன்? மூன்றையும் மீறினேன். ஓட்டையைத் தம்பியின் கைக்கு எட்டாத தொலைவில் வைத்தேன். அந்தப் பதிப்பின்படி நீள்வாளின் விலை 15 பொன்; அதற்கு வெள்ளி பூச 100 பொன். முதல்நிலை வீரன் அதற்கு எங்கே போவான்? ஓநாய்மனிதன் யார், எதை அஞ்சுகிறான், எதை இகழ்கிறான் என்று எனக்கே தெரியாது. ஊர்க்காரர் எவரும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கே வரம் இல்லை. வெறும் மறுப்புத்தான் இருந்தது.

“வாழ்க்கையும் அப்படித்தானே? எல்லாம் நமக்குச் சொல்லிவிட்டா வருகிறது?” என்று என் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர் வாதாடினார். அவருக்கு விஞ்ஞானத்திலிருந்தே விடை சொன்னேன். பெனிசிலின் தாக்காத கிருமி உண்டு. பெனிசிலினை உடைத்துப் போடும் நொதியைக் கிருமிகள் சுரக்கின்றன என்பதை ஆபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940இலேயே அறிவித்துவிட்டார்கள். அப்போது அந்த மருந்து பொதுமக்களுக்கு வந்துசேரவும் இல்லை. அந்த அறிவின் துணையால்தான் நொதியால் எளிதில் உடைக்க முடியாத மெத்திசிலின் பிறகு உருவாயிற்று. அதற்கும் அஞ்சாத கிருமி 1961இல் அறிவிக்கப்பட்டது; போர் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத் தட்டில் மருந்து தோற்றால், தோற்றது கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து வட்டைச் சுற்றிக் கிருமி விலகி நிற்கவில்லை, நெருங்கி வளர்ந்துவிட்டது. ஏன் என்று கேட்கிறோம். அடுத்த சோதனைக்கு வழி பிறக்கிறது. தோல்வியும் ஒரு செய்திதான், அதிலிருந்து ஏதாவது தெரிந்தால். என் மேசையில் தம்பி மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை விஞ்ஞானம் என்றும் சொல்ல முடியாது, வாழ்க்கை என்றும் சொல்ல முடியாது. கதை நடத்துகிறவனின் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் வேறுவிதமாகக் கேட்டார்: “முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை எங்கே?” இந்தக் கேள்விக்கு விடை எனக்குத் திருச்செந்தூரில் கிடைத்தது.

நான் அந்தப் பக்கத்துக்காரன். சென்ற ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஊருக்குப் போனேன். பெங்களூரில் நான் ஏறிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மைசூரில் புறப்பட்டு வருகிற வண்டி. மகிடன் ஊரில் கிளம்பி, சூரன் கடற்கரைக்கு அருகே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது! சூரசம்மாரம் நடக்கிற மாலையில் அந்தக் கடற்கரையில் எள் விழ இடம் இருக்காது. சூரனின் உருவம் முதலில் யானைத் தலையோடு வரும்; பிறகு சிங்கத் தலை; பிறகு சூரன் தலை; பிறகு மாமரம்; சேவல். அடுத்து எந்தத் தலை என்று இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். சிவனிடம் பெற்ற வரத்தால் சிவனின் சக்தியன்றி வேறெதுவும் சூரனைக் கொல்லாது என்பதும், அந்தச் சக்தியே வேலாக வரும் என்பதும் தெரியும். தெரிந்தும் இத்தனை ஆயிரம் பேர் ஏன் வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள்? முடிவு என்ன என்பதற்காக அல்ல. அது எப்படி நடக்கிறது என்று காண்பதற்காக. என் பக்கத்தில் ஒரு சிறுவன் அப்பாவின் தோளில் அமர்ந்து, “இப்போ சிங்கம் வரும் பாரு!” என்று கத்தினான். அவன் வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை, ஆட்டத்துக்குள்ளேயே இருந்தான். தெரிந்திருந்ததால் இருந்தான். அப்போதுதான் தம்பியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அவரை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

ஆகவே, கதை நடத்துகிற நண்பர்களுக்கு என் கருத்தை மூன்று விதிகளாகச் சொல்கிறேன்.

முதலாவது: வரம் கொடுக்கும்போதே அதன் ஓட்டையையும் எழுதி வையுங்கள். இவன் எதை இகழ்ந்தான் என்று கேளுங்கள். விடை கிடைக்கவில்லையா? அந்த வரத்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது: சண்டைக்கு முன் இருமுறை, சண்டையில் ஒருமுறை குறிப்புக் காட்டுங்கள். ஊர்க் கிழவி ஒரு பழங்கதை சொல்லட்டும். அரக்கன் நடந்த வழியில் ஏதோ ஒரு பொருளை மட்டும் அவன் தொடாமல் விட்டிருக்கட்டும். முதல் அடி விழும்போது, “காயம் இல்லை” என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். “வாள் பட்ட இடத்தில் மயிர்கூட அறவில்லை, ஆனால் தீப்பந்தத்தின் பொறி விழுந்த இடம் கருகியிருக்கிறது” என்று சொல்லுங்கள். அடித்தவன் தோற்றாலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்பட்டும்.

மூன்றாவது, முதன்மையானதும்கூட: மேசையில் இருப்பவர்களிலே மிக எளியவன் கைக்கு அந்த ஓட்டை எட்ட வேண்டும். மந்திரவாதி எப்படியும் பிழைத்துக்கொள்வான். பொன் உள்ளவன் வெள்ளி பூசிக்கொள்வான். இரண்டும் இல்லாதவன் தன் அறிவைக் கொண்டு வெல்லக் கூடிய வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அவன் முதல் முறை ஆட வந்தவனாக இருந்தால் இது இன்னும் கட்டாயம்.

ஊரிலிருந்து திரும்பியதும் தம்பியின் அறைக் கதவைத் தட்டினேன். “தப்பு என்னுடையது தம்பி. இன்னொரு தடவை வா. இந்த முறை தமிழிலேயே ஆடலாம், மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்” என்றேன். “எனக்குச் சரியா ஆட வரலண்ணே” என்றார். அவர் தவறு என்றே இத்தனை நாளும் எண்ணியிருக்கிறார்! அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அதே காடு, அதே ஓநாய்மனிதன். ஆனால் வழியில் ஒரு சிற்றூரை வைத்தேன். அவன் ஒரு வீட்டுக்குள் புகுந்து எல்லாரையும் கடித்தான். தொட்டிலில் கிடந்த குழந்தையை மட்டும் விட்டுவிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டார்கள். மற்றவர்கள் காட்டுக்குப் புறப்பட அவசரப்பட்டார்கள். தம்பி மெல்லக் கேட்டார்: “அண்ணே, அந்தக் கொழந்தை இடுப்புல அரைஞாண் கட்டியிருந்துச்சா?”

மேசை அமைதியாயிற்று. “கட்டியிருந்தது” என்றேன். “வெள்ளிதானே?” என்றார். “வெள்ளிதான்.”

தாயிடம் அந்த அரைஞாணை இரவல் கேட்டு வாங்கினார். வாளை உறையில் போட்டார். வெள்ளிக் கொடியைக் கைமுஷ்டியில் சுற்றிக்கொண்டு ஓநாய்மனிதனின் முகத்தில் குத்தினார். அப்படிக் குத்தலாம் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியில்லை. செல்லும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பகடையில் விழுந்தது பதினான்கு, இருபது அன்று. ஆனாலும் ஆரவாரம் அன்றைக்கு இருந்ததைவிடப் பெரிது. கன்னட நண்பருக்கு அரைஞாண் என்றதும் உடனே விளங்கியது. அவர்கள் வீட்டிலும் ‘உடுதாரம்’ உண்டாம். மற்றவர்களுக்குத் தம்பியே எழுந்து நின்று விளக்கினார், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக.

நண்பர்களே! வெளியூரில் படிக்க வந்த நமக்கு இந்த நகரில் எத்தனையோ கதவுகள் முதலில் மூடியே இருக்கின்றன. அவற்றையெல்லாம் திறந்து வைக்க நம்மால் ஆகாது. ஆனால் நாம் நடத்துகிற மேசை நம் கையில் இருக்கிறது. அங்கே வந்து அமர்கிறவர் எவராயினும், அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவுக்கு ஒரு பயன் இருக்கும்படி கதையை அமைப்பது நம் கடமை.

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு விடுதிப் பொது அறையில் கூடுகிறோம். இந்தப் பருவத்தில் கதையை நடத்துகிறவர் அந்தத் தம்பிதான். அவருடைய அரக்கன் யார், அவனுக்கு என்ன வரம் என்பதைக் கேட்டு வைத்திருக்கிறேன்; ஓட்டை எங்கே என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாருங்கள், சேர்ந்து தேடலாம்.